தாலின் பழைய நகரம்: மேட்டிலிருந்து இறங்கி வாருங்கள்

கேள்வி: ஹெல்சிங்கியில் வேலை பார்க்கிறேன். ஊரிலிருந்து அம்மா வந்திருக்கிறார். வயது 66, முழங்கால் வலி உண்டு. காலையில் கப்பலேறி எஸ்தோனியாவின் தலைநகர் தாலின் போய் இரவே திரும்ப நினைக்கிறோம். எந்தெந்தத் தேவாலயங்களைப் பார்ப்பது? எங்கே தொடங்குவது?

பதில்: கப்பலில் போக சுமார் 2 மணி நேரம். இறங்கியதும் பெரும்பாலோர் பிக் தெரு வழியாக நடந்து, களைத்த பிறகு தூம்பியா மேட்டில் ஏறுவார்கள். நீங்கள் அதைத் தலைகீழாகச் செய்யுங்கள். துறைமுகத்திலேயே டாக்ஸி பிடித்து மேட்டுக்குப் போய்விட்டால், பிறகு நாள் முழுக்க இறக்கமும் சமதளமும்தான்.

மேட்டில் வெங்காயக் குமிழ் போன்ற கோபுரங்களோடு நிற்பது அலெக்சாந்தர் நெவ்ஸ்கி பேராலயம். எஸ்தோனியா ரஷ்யப் பேரரசின் கீழ் இருந்தபோது, 1900இல் கட்டி முடித்தார்கள். எதிரே இருக்கும் கோட்டையில்தான் இன்று நாடாளுமன்றம். உள்ளே படம் எடுக்காதீர்கள். வழிபாடு நடக்கிற இடம். பக்கத்தில் உள்ள டோம் தேவாலயத்தின் சுவர்களில் பிரபுக் குடும்பங்களின், மரத்தில் செதுக்கிய குலச் சின்னங்கள் நெருக்கமாகத் தொங்குகின்றன. இரண்டுக்கும் சேர்த்து ஒரு மணி நேரம் போதும்.

இறங்குவதற்கு இரண்டு வழிகள். ‘குட்டைக் கால்’ என்று பொருள்படும் லூஹிக்கே யால்க்கில் படிகள் உண்டு, அம்மாவுக்கு வேண்டாம். ‘நெட்டைக் கால்’ என்கிற பிக் யால்க் சாய்வான பாதை, அதில் வாருங்கள். எங்கும் உருண்டைக் கல் பாவிய தரை. மழை பெய்தால் வழுக்கும். செருப்பு வேண்டாம், பிடிப்புள்ள ஷூ போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள்.

கீழே வந்ததும் நிகுலிஸ்தேவுக்குப் போங்கள். நேரத்தை இங்கேதான் தாராளமாகச் செலவழிக்க வேண்டும் என்பேன். 1944 மார்ச் 9 குண்டுவீச்சில் எரிந்த புனித நிக்கோலாஸ் தேவாலயம் இது. மீட்டெடுத்து 1984 முதல் அருங்காட்சியகமாக நடத்துகிறார்கள், டிக்கெட் உண்டு. பெர்ன்ட் நோட்கே வரைந்த ‘மரண நடன’ ஓவியத்தில் எஞ்சிய ஏழரை மீட்டர் இங்கே இருக்கிறது. பிரசங்க மேடைக்கு அருகே ஓர் எலும்புக்கூடு பைக்குழல் ஊதுகிறது. இன்னொன்று சவப்பெட்டியைத் தோளில் சுமந்தபடி போப்பாண்டவரின் கையைப் பிடிக்கிறது. அடுத்து பேரரசர், பேரரசி, கார்டினல், அரசர். இடையிடையே மரணம் நின்று ஒவ்வொருவரையும் இழுக்கிறது. முகங்களை ஒவ்வொன்றாகப் பாருங்கள். யாருக்குமே ஆட மனமில்லை.

புராட்டஸ்டன்ட் சீர்திருத்தக் காலத்தில் மற்ற தேவாலயங்களுக்குள் புகுந்து சிலைகளை உடைத்த கூட்டத்தால் இதற்குள் நுழைய முடியவில்லை. நிர்வாகி பூட்டுகளில் ஈயத்தைக் காய்ச்சி ஊற்றிவிட்டாராம். ஹெர்மன் ரோடேயின் பெரிய பலிபீட ஓவியங்கள் இன்றைக்கும் இருப்பதைப் பார்க்கும்போது, அந்த மனிதரைத்தான் நினைத்துக்கொள்வேன்.

அங்கிருந்து சில நிமிட நடையில் நகரமன்றச் சதுக்கம். 1404இல் கட்டி முடித்த மன்றக் கட்டடம் ஒரு பக்கம், 1422 முதலே ஏடுகளில் பதிவாகியிருக்கும் மருந்துக்கடை எதிர்ப்பக்கம். சாப்பாட்டை இங்கே முடித்துக்கொள்ளலாம். சதுக்கத்தை ஒட்டிய மேசைகளில் விலை அதிகம், ஒரு சந்து உள்ளே போனால் குறையும். மருந்துக்கடையை ஒட்டிய சின்ன சந்தில் நுழைந்தால் பரிசுத்த ஆவி தேவாலயம். வெள்ளைச் சுவரில் 1684ஆம் ஆண்டின் மரக் கடிகாரம். ஜெர்மன் வணிகர்கள் கோலோச்சிய ஊரில் எஸ்தோனிய மொழியில் பிரசங்கம் கேட்ட இடம் இது. உள்ளே நோட்கேயின் 1483ஆம் ஆண்டுப் பலிபீடம் இருக்கிறது. அளவில் சிறிய ஆலயம். அம்மா பெஞ்சில் உட்கார்ந்தே எல்லாவற்றையும் பார்த்துவிடலாம்.

கடைசியாக பிக் தெருவின் வடக்குக் கோடியில் புனித ஓலாஃப். கூர்கோபுரத்தின் உயரம் சுமார் 124 மீட்டர். கோபுரத்தின் பார்வைத் தளத்துக்குக் குறுகலான சுழல்படிகள் மட்டுமே, லிஃப்ட் கிடையாது, குளிர்காலத்தில் மூடிவிடுவார்கள். நீங்கள் ஏறிவிட்டு வாருங்கள், அம்மா கீழே இருக்கட்டும். அங்கிருந்து கோட்டை வாசலைத் தாண்டினால் துறைமுகம் பக்கம்தான். ஞாயிறு என்றால் காலையில் ஆராதனை நடக்கும். முடிந்தால் வேறு கிழமையில் போங்கள்.