பத்து வயதானால் பெரியவர்

கேள்வி: அட்லாண்டாவில் இருக்கும் என் மகள் குடும்பத்துடன், வரும் ஜூன் மாதம் ஃப்ளோரிடாவிலுள்ள வால்ட் டிஸ்னி வேர்ல்டுக்குப் போகத் திட்டமிட்டிருக்கிறோம். நானும் கணவரும் மகளும் மருமகனும் பேரக்குழந்தைகளுமாக ஆறு பேர். பேரனுக்கு நான்கு வயது. பேத்திக்கு அதே மாதக் கடைசியில் பத்து வயது நிறைகிறது. இருவருமே கொறிக்கிற ரகம். அங்கே குழந்தைகளுக்கென்று தரும் உணவு வயிற்றுக்குப் போதுமா, கொடுக்கிற காசுக்குத் தகுமா? (ஒரு வாசகி, கோவை)

பதில்: முதலில் பயணத் தேதியைக் கவனியுங்கள், அம்மா. டிஸ்னியின் கணக்கில் மூன்று முதல் ஒன்பது வயது வரைதான் குழந்தை. பத்து பிறந்துவிட்டால் நுழைவுச்சீட்டிலும் சாப்பாட்டு மேசையிலும் உங்கள் பேத்தி பெரியவர் ஆகிவிடுவாள். பிறந்தநாளுக்கு முன்பே போய் வந்துவிட்டால், வேறெந்தச் சிக்கனத்திலும் கிடைக்காத மிச்சம் இதில் கிடைக்கும்.

அங்கே கவுன்டரில் வாங்கிச் சாப்பிடும் இடங்களும், உட்கார்ந்தபின் பரிமாறும் இடங்களும், பஃபேக்களும் இருக்கின்றன. கவுன்டர் கடைகளில் குழந்தைகளுக்கான தட்டு என்பது ஒரு முதன்மை உணவு, இரண்டு துணை உணவுகள், பால் அல்லது ஜூஸ் அல்லது தண்ணீர் என்று சேர்ந்தே வரும். விலை பெரும்பாலும் 10 டாலரை ஒட்டியே இருக்கும். பொரித்த சிக்கன் துண்டுகள், மாக்கரோனி சீஸ், சிறிய பர்கர் ஆகியவைதான் திரும்பத் திரும்பக் கண்ணில் படும். உங்கள் பேரனுக்கு இது தாராளம். மிச்சம் வைத்து உங்களிடம் நீட்டுவான். ஆனால் மூன்று வயதுக்கும் ஒன்பது வயதுக்கும் அதே தட்டுதான் என்பதால், நாள் முழுவதும் வெயிலில் நடந்து களைத்த ஒன்பது வயதுக் குழந்தைக்கு அது ஒரு வேளைச் சாப்பாடாகாமல் சிற்றுண்டியாகவே முடிந்துவிடக்கூடும். அளவு குறைவு என்று குறைப்பட்டுக்கொள்பவர்களைக் கேட்டுப் பாருங்கள், பெரும்பாலும் எட்டு, ஒன்பது வயதுப் பிள்ளைகளின் பெற்றோராகவே இருப்பார்கள்.

தட்டு சிறியதாகத் தெரிவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 2006 அக்டோபரில் டிஸ்னி நிறுவனம் குழந்தை உணவுக்கு வரம்புகளை அறிவித்தது. முதன்மை, துணை உணவுகளில் கொழுப்பிலிருந்து வரும் கலோரி 30 சதவீதத்தையும், சேர்க்கப்பட்ட சர்க்கரையிலிருந்து வருவது 10 சதவீதத்தையும் தாண்டக்கூடாது என்று அதில் இருந்தது. அதுவரை கேட்காமலேயே வந்துகொண்டிருந்த உருளைக்கிழங்கு வறுவலுக்கும் சோடாவுக்கும் பதிலாகப் பழம், காய்கறி, கொழுப்பு குறைந்த பால் முதலியவற்றை வைக்கத் தொடங்கினார்கள். வறுவல்தான் வேண்டும் என்று பெற்றோர் கேட்டால் இன்றும் கிடைக்கும். தட்டில் நாலு திராட்சையையும் கேரட் துண்டுகளையும் பார்த்து ஏமாற்றிவிட்டார்களே என்று நினைக்க வேண்டியதில்லை, வேண்டுமென்றே செய்ததுதான். கொறிக்கிற பிள்ளைகளுக்கு இதைவிடப் பொருத்தமான தட்டு அங்கே இல்லை என்பேன்.

விலைப் பட்டியலில் ஒன்பது வயது வரை என்றுதான் போட்டிருக்கும். ஆனாலும் கவுன்டரில் யாரும் வயதைக் கேட்பதில்லை. கைபேசிச் செயலியில் முன்பதிவு செய்யும்போதும் அந்தக் கேள்வி வராது. ஆகவே பேத்திக்குப் பத்து ஆனபிறகும் அதை வாங்கலாம், உங்களுக்கேகூட வாங்கிக்கொள்ளலாம். குளிர்பானம் விற்கும் கவுன்டர் எதிலும் ஐஸ் தண்ணீரைக் காசில்லாமல் கேட்டு வாங்கிக்கொள்ளலாம் என்பதால், தட்டோடு வரும் பானத்துக்குப் பால் சொல்லிவிடுங்கள்.

பஃபேயில் கதை வேறு. அங்கே தட்டின் அளவுக்கு விலையில்லை, பிறந்த தேதிக்குத்தான் விலை. மிக்கி மவுஸ் வேடத்தினர் மேசைக்கு மேசை வந்து குழந்தைகளோடு படமெடுத்துக்கொள்ளும் செஃப் மிக்கீஸ் உணவகத்தில் இரவு உணவு பெரியவருக்கு 60 டாலருக்கு மேல், குழந்தைக்கு 40 டாலரை ஒட்டி. மூன்று வயதுக்குக் கீழே கட்டணமில்லை. இதோடு 6.5 சதவீத வரி. ஆறு பேரும் அதற்கு மேலும் இருந்தால் 18 சதவீத டிப்ஸைப் பில்லிலேயே சேர்த்துவிடுவார்கள், நீங்களோ சரியாக ஆறு பேர். இரண்டு வாய் அப்பமும் ஒரு துண்டு தர்பூசணியும் சாப்பிடும் குழந்தைக்கு இந்தக் காசு எப்படியும் தகாது. மிக்கியைக் கட்டிப்பிடிப்பதற்கான கட்டணம் என்று வைத்துக்கொண்டால் ஒரு முறை போகலாம். அதுவும் விலை குறைந்த காலைச் சிற்றுண்டிக்குப் போங்கள்.

கேள்வி: டிஸ்னியின் உணவுத் திட்டத்தை முன்பணம் கட்டி வாங்கினால் லாபமா? எங்களுக்கு ஆறு வயதில் ஒரு மகன். (ஒரு வாசகர், டல்லஸ்)

பதில்: மகனுக்கு லாபம், உங்கள் இருவருக்கும் அநேகமாக நஷ்டம். பெருந்தொற்றால் 2020இல் நிறுத்தப்பட்ட இந்தத் திட்டம் 2024 ஜனவரியில் மீண்டும் வந்தது. தங்கும் இரவு ஒன்றுக்கு ஓர் உட்கார்ந்து சாப்பிடும் வேளை, ஒரு கவுன்டர் வேளை, ஒரு நொறுக்குத்தீனி என்று அடங்கிய பெரிய திட்டத்துக்கு அந்த ஆண்டு பெரியவரிடம் 94 டாலரும் குழந்தையிடம் 30 டாலரும் வாங்கினார்கள். மேலே சொன்ன பஃபேயில் ஒரு குழந்தை உட்கார்ந்தாலே அந்த 30 டாலர் திரும்பிவிடுகிறது. பெரியவர் 94 டாலருக்குச் சாப்பிட வேண்டுமானால், விலை உயர்ந்த உணவகமாகப் பார்த்துத் தினமும் முன்பதிவு செய்ய வேண்டும், இனிப்பு வேண்டாம் என்று ஒரு நாளும் சொல்லக்கூடாது.

அப்படியானால் மகனுக்கு மட்டும் வாங்கிவிடலாமே என்று தோன்றும். அதற்குத்தான் வழியில்லை, ஒரே பயணத்தில் பதிவு செய்த மூன்று வயதுக்கு மேற்பட்ட அனைவரும் ஒரே திட்டத்தில் சேர்ந்தாக வேண்டும். குழந்தைக்குக் குறைத்ததைப் பெற்றோரிடம் வாங்கிக்கொள்ளும் ஏற்பாடு இது. டிப்ஸும் இதில் அடங்காது. வேடதாரிகளோடு சாப்பிடும் உணவகங்களுக்கே தினமும் போவது என்று முடிவு செய்துவிட்ட குடும்பம் என்றால் கணக்குப் போட்டுப் பாருங்கள். மற்றவர்கள் அவ்வப்போது வாங்கிச் சாப்பிடுவதே நல்லது.

கேள்வி: நாங்கள் சைவம், முட்டையும் சேர்ப்பதில்லை. குழந்தைகளுக்குப் புளியோதரை கட்டிக்கொண்டு போனால் உள்ளே விடுவார்களா? (ஒரு வாசகி, சேலம்)

பதில்: விடுவார்கள். நம் ஊர்த் தீம் பார்க்குகள் பலவற்றின் வாசலில் டிபன் டப்பாவைக் கண்டதும் முகம் மாறுவதுபோல் அங்கே மாறுவதில்லை. கண்ணாடிப் பாத்திரமும் மதுவும் கூடாது. பெட்டியில் ஐஸ் கட்டிகளைக் கொட்டி எடுத்துப் போகக்கூடாது. உணவைச் சூடாக்கித் தரச் சொல்லிக் கேட்கவும் முடியாது. பச்சிளம் குழந்தையின் உணவைச் சூடாக்க மட்டும் நான்கு பார்க்குகளிலும் பேபி கேர் சென்டரில் மைக்ரோவேவ் உண்டு. ஃப்ளோரிடா வெயிலில் தயிர்சாதம் மதியத்துக்குள் புளித்துவிடும். நீங்கள் சொன்ன புளியோதரையும், சர்க்கரை தடவிச் சுருட்டிய சப்பாத்தியும் தாங்கும்.

வாங்கித்தான் சாப்பிட வேண்டியிருந்தால், 2019 முதல் பட்டியல்களில் சேர்த்துவரும் இலைச் சின்னத்தைத் தேடுங்கள். இறைச்சி மட்டுமின்றி முட்டை, பால், தேன்கூட இல்லாதது என்பது அதன் பொருள். அனிமல் கிங்டம் லாட்ஜில் இருக்கும் சனா உணவகத்தில் நாண் ரொட்டி வகைகளைத் தட்டு நிறையத் தொட்டுக்கொள்ளும் சட்னிகளோடு தருகிறார்கள். குழந்தைகளுக்கென்று தனித் தட்டு வாங்காமல், அதை நடுவில் வைத்து வீடு மொத்தமும் கிள்ளிச் சாப்பிடலாம்.