ஹட்சன் ஆற்றுக்கு அடியில் மூன்று நிமிடம்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: நியூயார்க்கில், மன்ஹாட்டனின் தென்பகுதியில் என் கணவருக்குச் சிகிச்சை நடக்கிறது. வாரம் இரண்டு நாள், ஹட்சன் ஆற்றுக்கு அடியில் போகும் ஹாலந்து டனல் என்ற சுரங்கச் சாலை வழியாக நான்தான் ஓட்டிப் போகிறேன். தலைக்கு மேலே ஆறு ஓடுகிறது என்று நினைத்தாலே மூச்சு முட்டுகிறது. இரண்டு முறை உள்ளேயே அழுதுவிட்டேன். இந்தப் பயம் போக வழி உண்டா?
– ஒரு வாசகி, எடிசன், நியூ ஜெர்சி

பதில்: சகோதரி, அழுதுகொண்டே என்றாலும் லேன் மாறாமல் ஓட்டி, அவரைப் பத்திரமாகக் கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறீர்கள். அதை முதலில் மனதில் வையுங்கள். இருபது வருடமாக இங்கே நம் பெண்களுக்குக் கார் ஓட்டக் கற்றுத்தருகிறேன். டர்ன்பைக் நெடுஞ்சாலையில் பெரிய டிரக்குகளுக்கு நடுவே அசராமல் போகிறவர்கள்கூட டனல் வாயைப் பார்த்ததும் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொள்வார்கள். விரல் முட்டியெல்லாம் வெளுத்துவிடும்.

என் அம்மா திருநெல்வேலியிலிருந்து முதல்முறை வந்தபோது, உள்ளே நுழைந்ததும் சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டார். மறுகரையில் மன்ஹாட்டனின் கேனல் தெரு வெளிச்சம் முகத்தில் பட்ட பிறகுதான் கையை எடுத்தார். “ஆத்துக்கு அடியில காத்து எங்க இருந்து வரும்டீ?” என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. அப்புறம் தேடிப் படித்தேன். படித்ததிலிருந்து என் பயமும் குறைந்தது. அதனால் உங்களுக்கும் அதையே சொல்கிறேன்.

அம்மா கேட்டதேதான் இதைக் கட்டியவர்களின் முதல் கவலையும். ரயிலுக்கு ஆற்றடிச் சுரங்கம் அப்போதே இருந்தது. ஆயிரக்கணக்கான மோட்டார் வண்டிகள் புகை விட்டுக்கொண்டு போனால் அதிலுள்ள கார்பன் மோனாக்சைடு என்ற நச்சுவாயு ஆளைக் கொன்றுவிடுமே, என்ன செய்வது? பென்சில்வேனியாவின் புரூஸ்டனில் நிலத்தடியில் ஒரு சோதனைப் பாதை அமைத்துக் கார்களை ஓட்டிப் பார்த்தார்கள். யேல் பல்கலைக்கழகத்தில் புகை கலந்த காற்றை மனிதர்களே சுவாசித்து, எவ்வளவு தாங்கும் என்று அளந்தார்கள். கடைசியில், காற்றைச் சுரங்கத்தின் நீளவாக்கில் ஊதாமல் குறுக்குவாக்கில் செலுத்துவது என்று முடிவானது. சாலைக்கு அடியில் ஓர் அறை போல இருக்கிறது. அதன் வழியாக வரும் சுத்தமான காற்று, சாலையோர விளிம்பில் உள்ள இடுக்குகளில் மெதுவாக வெளியே வருகிறது. புகை மேலே ஏறி, கூரைக்கு மேலுள்ள பாதை வழியாகப் போய்விடுகிறது. இதற்காக ஆற்றின் இரு கரையிலுமாக நான்கு கோபுரங்கள், 84 மின்விசிறிகள். 90 நொடியில் உள்ளே இருக்கும் காற்று முழுவதும் மாறிவிடும். அதாவது, இரண்டரைக் கிலோமீட்டரை நீங்கள் 35 மைல் வேகத்தில் கடப்பதற்குள் கிட்டத்தட்ட இரண்டு தடவை புதுக் காற்று வந்துவிடுகிறது.

இதற்குத் தலைமைப் பொறியாளராக இருந்தவர் கிளிஃபர்ட் ஹாலந்து. 1924 அக்டோபர் 27 அன்று, 41 வயதில் இறந்துபோனார். இரு கரையிலிருந்தும் தோண்டி வந்தவர்கள் ஆற்றுக்கு நடுவே சந்திக்க இரண்டே நாள் பாக்கி இருந்தது. அடுத்துப் பொறுப்பேற்ற மில்டன் ஃப்ரீமனும் சில மாதங்களில் காலமானார். காற்றோட்டத்தை வடிவமைத்த ஓலே சிங்ஸ்டாட்தான் வேலையை முடித்தார். 1927 நவம்பர் 13-இல் திறந்தார்கள். ஒவ்வொரு முறை உள்ளே போகும்போதும் ஹாலந்தை ஒரு கணம் நினைத்துக்கொள்வேன்.

2012-இல் சாண்டி புயலின்போது தண்ணீர் புகுந்ததே என்று உங்களுக்குத் தோன்றலாம். அது கரை மீறி வந்த வெள்ளம். ஆறு கூரையைப் பிளந்து கொட்டவில்லை. வெள்ளம் வருவதற்கு முன்பே டனலை மூடியும்விட்டார்கள்.

சரி, ஓட்டும் விஷயத்துக்கு வருவோம். ஜெர்சி சிட்டியில் 12-ஆம் தெரு சிக்னல்களில் நிற்கும்போதே எந்த லேன் என்று முடிவுசெய்துவிடுங்கள். உள்ளே இரண்டே லேன், மாறக் கூடாது. பக்கத்துச் சுவரைப் பார்க்காதீர்கள். அந்த வெள்ளை ஓடுகள் வேகமாக ஓடுவது போலத் தெரிந்து தலை சுற்றும். முன்னால் போகும் காரையும் அதற்கும் முன்னால் உள்ள காரையும் பாருங்கள்.

இன்னொன்று, இது முக்கியம். பாதை முதலில் இறங்கி, ஆழமான இடத்தைத் தாண்டி மறுபடி ஏறும். அந்த ஆழமான இடத்தில் சாலை நீர்மட்டத்துக்குச் சுமார் 28 மீட்டர் கீழே இருக்கிறது. ஏற்றம் கண்ணுக்குத் தெரியாது. கால் அழுத்தம் அதே அளவில் இருக்க, வண்டி தானாக வேகம் குறையும். பின்னால் வருகிறவர் பிரேக் பிடிப்பார், அவருக்குப் பின்னால் இன்னொருவர், கடைசியில் எல்லோரும் நின்றுவிடுவார்கள். லெஸ்லி ஈடி, ராபர்ட் ஃபூட் என்ற இரண்டு பேர் 1960-ஐ ஒட்டி இந்த டனலிலேயே இதை ஆராய்ந்தார்கள். நுழையும் வண்டிகளைக் கொஞ்சம் நிறுத்தி நிறுத்தி, இடைவெளி விட்டு அனுப்பினால், மொத்தத்தில் அதிக வண்டிகள் கடக்கின்றன என்று கண்டுபிடித்தார்கள். ஆகவே இடைவெளி விடுங்கள். பின்னால் ஹாரன் அடித்தாலும் விடுங்கள். ஏற்றத்தில் ஆக்ஸிலரேட்டரைத் துளி கூட்டுங்கள். நெரிசலில் நின்று நின்று போவதுதான் உங்களைப் பயமுறுத்துகிறது, ஆறு இல்லை என்பது என் எண்ணம்.

உங்கள் கணவருக்கும் ஒரு வேலை கொடுங்கள். நியூ ஜெர்சி முடிந்து நியூயார்க் தொடங்கும் இடம் சுவரில் எழுதியிருக்கும். அது வந்ததும் சொல்லச் சொல்லுங்கள். அவர் தேடுவார், நீங்கள் அவர் குரலுக்குக் காத்திருப்பீர்கள். என் மாணவிகள் பலருக்கு இது கைகொடுத்திருக்கிறது.

அவருக்கு உடம்பு தெம்பாக இருக்கும் ஒரு நாளில், கேனல் தெருவுக்குப் பக்கத்தில் ஆற்றோரம் 34-ஆம் எண் துறைமேடைக்கு இருவரும் நடந்து போங்கள். அதன் நுனியில், தண்ணீருக்கு நடுவே, காற்றுக் கோபுரங்களில் ஒன்று நிற்கிறது. அம்மாவைப் போன தடவை அங்கே கூட்டிப்போனேன். வெகுநேரம் அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்தார். திரும்பும்போது டனலில் மூக்கைப் பொத்தவில்லை.

கேள்வி: நடு டனலில் கார் நின்றுபோனால்?
– ஒரு வாசகர், பிஸ்கடவே

பதில்: விட்டு விட்டு எரியும் அபாய விளக்கைப் போடுங்கள். காரிலேயே இருங்கள், இறங்கி நடக்காதீர்கள். உள்ளே கேமரா இருக்கிறது; இழுவை வண்டியும் ஆட்களும் தயாராகவே இருப்பார்கள். தீ, புகை என்றால் மட்டும் அவர்கள் சொல்கிறபடி வெளியேறுங்கள். கிளம்பும் முன் பெட்ரோல் முள்ளைப் பார்த்துக்கொள்வது நல்லது.

கேள்வி: டோல் கட்ட ஒரு பூத்கூட இல்லை. பணம் கட்டாமலே வந்துவிட்டேன். அபராதம் வருமா?
– ஒரு வாசகி, ஜெர்சி சிட்டி

பதில்: பயப்படாதீர்கள். ஹாலந்து டனலில் 2020 டிசம்பரிலிருந்து ரொக்கம் வாங்குவதில்லை. டோலைத் தானாகக் கழித்துக்கொள்ளும் ஈஸி பாஸ் கருவி காரில் இல்லாவிட்டால் நம்பர் பிளேட்டைப் படம் எடுத்து வீட்டுக்குப் பில் அனுப்புவார்கள். அந்தத் தபாலைப் பிரிக்காமல் போட்டுவைத்தால்தான் அபராதம். நியூயார்க் பக்கம் போகும்போது மட்டுமே டோல், 1970-இலிருந்து இப்படித்தான். ஈஸி பாஸ் இருந்தால் நெரிசல் நேரத்தில் 16 டாலருக்கு மேல், தபால் பில் என்றால் 20 டாலரையும் தாண்டும். ஆகவே ஈஸி பாஸ் வாங்கி, பின்னால் வருவதைப் பார்க்கும் உள்கண்ணாடிக்குப் பின்புறம், காரின் முன்கண்ணாடியில் ஒட்டிவிடுங்கள். பையில் கிடந்தால் சரியாகப் படிக்காது.

2025 ஜனவரி 5-லிருந்து மன்ஹாட்டனில் 60-ஆம் தெருவுக்குத் தெற்கே நுழைந்தாலே நெரிசல் கட்டணமும் உண்டு. ஈஸி பாஸ் இருந்தால் காருக்குப் பகலில் 9 டாலர், ஒரு நாளைக்கு ஒரு முறை. ஹாலந்து வழியாக ஈஸி பாஸோடு வந்தால் அதில் 3 டாலர் கழித்துக்கொள்வார்கள்.

எடிசன் சகோதரிக்கும் இதில் ஒரு சேதி இருக்கிறது. உடல்நிலை காரணமாகப் பஸ்ஸிலோ ரயிலிலோ போக முடியாதவர்களுக்கு இந்த நெரிசல் கட்டணத்திலிருந்து விலக்கு உண்டு. டாக்டரிடம் பேசி, கணவர் பெயரில், இந்தக் கட்டணத்தை வசூலிக்கும் நியூயார்க் போக்குவரத்து ஆணையமான எம்டிஏ-வுக்கு விண்ணப்பம் போடுங்கள். வாரம் இரண்டு நாள் என்றால் அது சின்னத் தொகை இல்லை.