பன்றிக் காய்ச்சலும் கெய்ரோவின் குப்பையும்

வணக்கம் சார்,
எம்பாக்ஸ் பற்றிய உங்கள் குறிப்பைப் படித்தேன். குரங்கம்மை என்று எல்லோருக்கும் புரிகிற பெயர் இருக்கும்போது உலக சுகாதார நிறுவனம் உட்கார்ந்து பெயர் மாற்றுவது வெட்டி வேலை இல்லையா? நோயைக் கட்டுப்படுத்தினால் போதாதா?
ஆர்., திருச்சி

அன்புள்ள ஆர்.,

கேலி செய்ய எனக்கும் ஆசைதான், ஆனால் 2009-இல் எகிப்தில் நடந்ததைத் தெரிந்துகொண்ட பிறகு வாய் வரவில்லை. ஹெச்1என்1 மெக்சிகோவிலும் அமெரிக்காவிலும் கிளம்பியபோது உலகமே அதைப் பன்றிக் காய்ச்சல் என்றது. அது பரவியது மனிதரிடமிருந்து மனிதருக்கு, எகிப்தில் அப்போது ஒரு நோயாளிகூட இல்லை, இருந்தும் நாட்டிலிருந்த சுமார் 3 லட்சம் பன்றிகளையும் கொல்ல அரசு உத்தரவிட்டது. அவற்றை வளர்த்தவர்கள் கெய்ரோவில் வீடு வீடாகக் குப்பை அள்ளும் ஸபாலீன்கள், பெரும்பாலும் அந்நாட்டின் சிறுபான்மையினரான காப்டிக் கிறிஸ்தவர்கள். (மத அரசியலும் இதில் இருந்ததாக அப்போதே பேச்சு உண்டு.) நகரம் கொட்டிய மிச்சம் மீதியையெல்லாம் தின்று தீர்த்தவை அந்தப் பன்றிகள்தான். அவை போனதும் அவர்கள் வருமானம் போனது, அழுகல் குப்பை தெருவிலேயே குவிந்தது. காய்ச்சல்? அது ஜூனில் அமெரிக்காவிலிருந்து விமானத்தில் வந்து இறங்கியது.

குரங்கம்மையும் அப்படித்தான். 1958-இல் கோபன்ஹேகன் ஆய்வகக் குரங்குகளிடம் முதலில் கண்டதால் ஒட்டிக்கொண்ட பெயர் அது. 2022-இல் நோய் மனிதர்களுக்குள் நெருக்கமான தொடர்பால் பரவிக்கொண்டிருக்க, பிரேசிலில் சிலர் குரங்குகளை அடித்தார்கள், விஷம் வைத்தார்கள்.

நீங்கள் எரிச்சல்படுவதில் நியாயமும் இருக்கிறது. ஊர், ஆள், விலங்கு பெயர்களைப் புதிய நோய்க்கு வைக்காதீர்கள் என்று 2015-இலேயே சொன்ன நிறுவனம், குரங்கம்மையை எம்பாக்ஸ் என்று மாற்றியது 2022 நவம்பரில். அதற்குள் பழைய பெயர் ஊறிப்போய்விட்டது. புரியாத பெயரும் உதவாது. உருமாறிய கொரோனா வகை ஒன்றை பி.1.617.2 என்று எந்தச் செய்தி வாசிப்பாளர் தினமும் சொல்வார்? ‘இந்திய வகை’ என்றார்கள். 2021 மே மாதம் நம் அரசு, அந்தச் சொல் உள்ள பதிவுகளை நீக்கச் சொல்லி சமூக ஊடக நிறுவனங்களுக்குக் கடிதமே எழுதியது. கடிதத்தால் பெரிதாக ஒன்றும் ஆகவில்லை. மே 31 அன்று டெல்டா என்று பெயர் வந்தது, கொஞ்ச நாளில் டீக்கடையிலும் டெல்டாதான்.

ஆகவே மாற்றியதில் எனக்குக் குறையில்லை, தாமதித்ததில்தான். அப்புறம், பெயர் நாசூக்காக இருக்கிறது என்பதற்காக யாருக்கு ஆபத்து, எப்படிப் பரவுகிறது என்பதையும் நாசூக்காக மழுப்பக் கூடாது. அதை உடைத்துத்தான் சொல்ல வேண்டும்.