அல்ஜியர்ஸ் வெள்ளிக் காசு: வாசகர் கேள்விகள்

என்னிடம் உள்ள அரபு எழுத்து வெள்ளிக் காசு 10 கிராம் வருகிறது. எந்த ஊர்க் காசு? வருஷம் 1240 என்று படித்தேன். சரியா?

பின்பக்கம் 'துரிப ஃபீ ஜஸாயிர்', அதாவது 'ஜஸாயிரில் அடித்தது' என்றிருக்கிறது. ஜஸாயிர் என்றால் அல்ஜியர்ஸ், இன்றைய அல்ஜீரியாவின் தலைநகர். காசின் பெயர் புஜூ. மூஸூனா என்ற சில்லறைக் காசு 24 சேர்ந்தால் ஒரு புஜூ. வருஷத்தில்தான் சறுக்கிவிட்டீர்கள். நீங்கள் சைபர் என்று நினைத்த வட்டம் அரபியில் 5. அவர்களுடைய சைபர் வெறும் புள்ளி. ஆக உங்கள் காசு ஹிஜ்ரி (இஸ்லாமிய ஆண்டுக்கணக்கு) 1245: 1829 ஜூலை முதல் 1830 ஜூன் வரை. அந்த ஜூன் 14 அன்றுதான் பிரெஞ்சுப் படை அல்ஜியர்ஸைப் பிடிக்க, பக்கத்துக் கடற்கரையான சிதி ஃபெர்ரூஷில் இறங்கியது. படம் பார்த்ததும் எனக்கே கொஞ்சம் பொறாமை.

அல்ஜியர்ஸ் காசில் துருக்கி சுல்தான் பெயர் எதற்கு?

ஆண்டது 'டேய்' என்ற பட்டம் கொண்ட உள்ளூர் ஆட்சியாளர், இஸ்தான்புல்லுக்குப் பெரிதாகக் கட்டுப்பட்டதில்லை. ஆனால் காசில் மட்டும் 'இரு நிலங்களின் சுல்தான், இரு கடல்களின் காகான்' என்று துருக்கி சுல்தான் இரண்டாம் மஹ்மூதின் புகழ்தான். காசில் யார் பெயரோ அவரே அரசர் என்பது பழைய இஸ்லாமிய வழக்கம். அல்ஜியர்ஸ் பிரெஞ்சுக்காரர்களிடம் விழுந்த பிறகும், கிழக்கே கான்ஸ்டன்டைன் நகரில் அதன் ஆளுநர் அஹ்மத் பே அதே சுல்தான் பெயரில் காசு அடித்தார், 1837-ல் அந்த ஊரும் போகும்வரை.

ஈ விரட்டும் விசிறியால் ஒரு அடி, அதனால் நாடே போயிற்றாமே?

அடி விழுந்தது உண்மை. பிரெஞ்சுப் படைக்காக 1790-களில் வாங்கிய கோதுமைக்கான பாக்கியைப் பாரிஸ் இழுத்தடித்தது. 1827-ல் டேய் ஹுசைன் அதைக் கேட்க, பிரெஞ்சுத் தூதர் தேவால் பிடிகொடுக்கவில்லை, டேயின் விசிறி பேசியது. பிறகு மூன்று வருஷம் பிரெஞ்சுக் கப்பல்களின் துறைமுக முற்றுகை. உள்ளூரில் செல்வாக்கு சரிந்த பிரெஞ்சு மன்னர் பத்தாம் சார்லஸுக்கு ஒரு வெற்றி தேவைப்பட்டது என்பதுதான் என் கணிப்பில் பெரிய காரணம். 1830 ஜூலை 5-ல் டேய் சரணடைந்தார். கஸ்பா கோட்டைக் கஜானாவில் கிடைத்தது சுமார் 4.8 கோடி பிராங்க். படையெடுப்புச் செலவு ஏறக்குறைய அதிலேயே தீர்ந்தது. கோதுமைக் கடன்காரனே பெட்டியையும் தூக்கிக்கொண்டு போன கதை. ஆனால் அதே மாதக் கடைசியில் பாரிஸில் புரட்சி வெடித்து, சார்லஸின் அரியணையும் போயிற்று.

காசு கறுத்திருக்கிறது. விபூதி போட்டுத் தேய்க்கலாமா?

குத்துவிளக்குக்குச் சரி. காசைத் தொடாதீர்கள், அந்தக் கறுப்புக்கும் சேர்த்துத்தான் விலை.