கணக்கு நோட்டின் கடைசிப் பக்கம்

அம்மா, பயப்படாதீர்கள் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். உங்கள் கடிதத்தை இரண்டாம் முறை படித்ததும் மனம் மாறிவிட்டது. உங்கள் மகள் கேட்பது இதழியல். மருத்துவப் படிப்பு கேட்பவர் அவள் பெரியப்பா. வீட்டை அடமானம் வைத்து ரஷ்யாவில் எம்.பி.பி.எஸ். என்கிறார், தவணை கட்டப்போவது அவரா? திரும்பி வந்தபின் எழுதவேண்டிய தகுதித் தேர்வில் எத்தனை பேர் தடுமாறுகிறார்கள் என்பதை ஏஜென்ட் சொல்லமாட்டார். வேண்டாம். பத்திரம் பீரோவிலேயே இருக்கட்டும்.

கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் ரஷ்ய எழுத்துகள் 33-ஐயும் எழுதிப் பார்க்கிறாள் என்று குறைப்பட்டிருக்கிறீர்கள். எனக்கு அந்தப் பக்கம்தான் முக்கியம். "இதழியல் படித்தால் அரசு வேலை ஏது?" என்ற பெரியப்பாவுக்கு, ரஷ்ய வெளியுறவு அமைச்சகத்தின் செய்தித் தொடர்பாளராக உயர்ந்த மரியா ஸகரோவாவைக் காட்டுங்கள். மாஸ்கோவின் எம்ஜிமோ பல்கலைக்கழகத்தில் 1998-ல் சர்வதேச இதழியல் முடித்தவர். கூடவே சீன மொழி. பிறகு வெளியுறவு அமைச்சகம் நடத்திய இதழில் பதிப்பு வேலை, அதாவது பிறர் எழுதியதைத் திருத்தும் மேஜை. 2005 முதல் 2008 வரை நியூயார்க்கில் ஐ.நா.வுக்கான ரஷ்யத் தூதுக்குழுவின் செய்தித் தொடர்பாளர். 2015 ஆகஸ்டில் அமைச்சகத்தின் செய்தித் துறை இயக்குநர். அந்த நாற்காலியில் முதல் பெண். பட்டம் வாங்கிப் பதினேழு ஆண்டுகள் கழித்து!

அவர் தந்தை தூதரக அதிகாரி. சிறுவயது பெய்ஜிங்கில் கழிந்தது. உங்கள் மகளுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. ரஷ்ய அரசுப் பணியும் அந்நாட்டுக் குடிமக்களுக்குத்தான். இன்னொன்று: செய்தியாளர் கேள்வி கேட்பவர், செய்தித் தொடர்பாளர் அரசின் பதிலைத் தன் வாயால் சொல்பவர். அப்படிச் சொல்வதற்கு விலையும் உண்டு: 2022 பிப்ரவரியில் ஐரோப்பிய ஒன்றியத்தின் தடைப் பட்டியலில் ஸகரோவா பெயரும் ஏறியது. எந்தப் பக்கம் உட்காருவது என்பதை அவளே யோசிக்கட்டும்.

அவளுக்கு நான் சொல்வது மொழி. சென்னை கஸ்தூரி ரங்கா சாலையில் உள்ள ரஷ்யப் பண்பாட்டு மையத்தில் மொழி வகுப்பு நடக்கிறது, சேர்த்துவிடுங்கள். ரஷ்யனில் வேற்றுமை ஆறு, தமிழில் எட்டு. மிரளமாட்டாள். ரஷ்ய அரசின் உதவித்தொகையில் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணம் கிடையாது. முதலில் ஓராண்டு மொழி ஆயத்தம், பிறகு இதழியல். ஆனால் விமான டிக்கெட், காப்பீடு, சாப்பாடு, குளிருக்கான உடுப்பு எல்லாம் உங்கள் கைக்காசு. கடன் வாங்காமல் தாங்குமா என்று ஒரு தாளில் எழுதிக் கூட்டிப் பாருங்கள். தாங்காது என்றால் இங்கேயே இதழியல் இளங்கலை, மாலையில் ரஷ்யன்.

தாளோடு வாருங்கள். அவளையும் அழைத்து வாருங்கள், பெரியப்பா வேண்டாம்.