அமைதிப்படை: அழைப்பு இருந்தால் போதுமா?

போதாது. ஓர் அரசு அழைத்தால் படை அனுப்புவதற்குச் சட்டப்படி வழி கிடைக்கும், அறப்படி அது சரியாகிவிடாது. ‘1987இல் இலங்கை அரசு அழைத்துத்தானே இந்திய அமைதிப்படை போனது’ என்ற உங்கள் வாதத்தை மட்டும் வைத்துத் தருமபுரி கல்லூரிப் பட்டிமன்றத்தில் நின்றால், எதிரணி சுலபமாக மடக்கிவிடும்.

அழைத்தது யார் என்று பார்த்த நீங்கள், நடுவில் மாட்டிய மக்களைக் கேட்டார்களா என்று பார்க்கவில்லை. அங்கேதான் சிக்கல் என்று நினைக்கிறேன். அந்த ஆண்டு ஜூலை 29 இந்திய-இலங்கை ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவர்கள் நம் பிரதமர் ராஜீவ் காந்தியும் இலங்கை அதிபர் ஜெயவர்த்தனாவும். புலிகள் கையெழுத்திடவில்லை. அக்டோபரிலேயே, காக்கப் போன படை புலிகளோடு சண்டையில் இறங்கிவிட்டது. யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குள் டாக்டர்கள், நர்சுகள், படுக்கையில் கிடந்த நோயாளிகள் என்று கொல்லப்பட்டார்கள். அமைதிப்படையிலும் ஆயிரத்துக்கு மேற்பட்டோர் இறந்தார்கள். 1990 மார்ச்சில் கடைசி அணி திரும்பியது, போர் தொடர்ந்தது.

உங்கள் வாதத்தை 1971 வங்கதேசப் போருக்குப் பொருத்திப் பாருங்கள். பாகிஸ்தான் அரசு நம்மை அழைக்கவில்லை. ஆனால் ஏறத்தாழ ஒரு கோடி அகதிகள் இந்தியாவுக்குள் வந்திருந்தார்கள், படையும் சில மாதங்களில் திரும்பிவிட்டது. அழைப்புதான் அளவுகோல் என்றால் 1971 தவறு, 1987 சரி என்றாகும். இதை மேடையில் சொல்வீர்களா?

அப்புறம், கிருஷ்ணகிரி பக்கம் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்கள் இருக்கின்றன. அவர்களாகப் பேசினால் கேளுங்கள், பட்டிமன்றத்துக்காகத் துருவாதீர்கள். அந்தப் படையில் இருந்தவர்கள் நம் பக்கத்திலும் இருக்கலாம். அனுப்பிய முடிவைக் கேள்வி கேளுங்கள், உத்தரவுக்குப் போன சிப்பாயை அதோடு சேர்த்துக் குற்றவாளி ஆக்கிவிடாதீர்கள்.