அஸ்திவாரம் இல்லாத வீடுகள்

போன வருஷம் அமெரிக்காவில், மெய்ன் மாநிலத்தில் இருக்கும் மகள் வீட்டில் தங்கியிருந்தபோது, பேரனோடு காட்டுக்குள் ‘ஃபேரி ஹவுஸ்’, அதாவது குட்டித் தேவதைகளுக்கென்று விளையாட்டாகக் கட்டி வைக்கும் வீடு, பார்க்கப் போனதைச் சென்ற இதழில் நாலு வரியில் எழுதியிருந்தேன். பென்ஷன் நிலுவை பற்றி எழுதினால்தான் கடிதம் குவியும் என்று நினைத்திருந்தேன். இந்த முறை குட்டித் தேவதைகள் முந்திக்கொண்டார்கள். ஒரே மாதிரி கேட்டவர்களுக்கெல்லாம் சேர்த்துப் பதில் சொல்லிவிடுகிறேன்.

*

கேள்வி: ஜூலையில் பாஸ்டனில் இருக்கும் மகன் வீட்டுக்குப் போகிறோம். பேத்திக்கு ஆறு வயது. ஃபேரி ஹவுஸ் என்பது தீம் பார்க் மாதிரியா? எங்கே இருக்கிறது, டிக்கெட் எவ்வளவு? (வாசகி, கும்பகோணம்)

தீம் பார்க் என்று நினைத்துப் போனால் ஏமாந்துவிடுவீர்கள் அம்மா. ராட்டினம் கிடையாது, பாப்கார்ன் கிடையாது. மரத்தடியில் குச்சி, பட்டை, கிளிஞ்சல் வைத்து முழங்கால் உயரத்துக்குள் கட்டிய குடிசைகள், அவ்வளவுதான். கட்டியது யார் என்றால், உங்களுக்கு முன்னால் வந்துபோனவர்கள். நீங்களும் ஒன்று கட்டி வைத்துவிட்டு வரலாம்.

நான் போனது மேக்வொர்த் தீவு. போர்ட்லாண்ட் நகரத்தை ஒட்டிய ஃபால்மவுத் ஊரில் இருக்கிறது. பாஸ்டனிலிருந்து போர்ட்லாண்டுக்குக் காரில் இரண்டு மணி நேரம். தீவு என்றாலும் படகு தேவையில்லை, கடலுக்குக் குறுக்கே சாலை போட்டிருக்கிறார்கள். நுழைவில் சிறு கட்டணம். கார் நிறுத்த இடம் கொஞ்சம்தான், அதனால் காலையிலேயே போய்விடுங்கள். கரையோரமாகத் தீவைச் சுற்றி வரும் பாதை ஒன்றேகால் மைல், நம் கணக்கில் இரண்டு கிலோமீட்டர். முழங்கால் வலிக்காரனான நானே நடந்துவிட்டேன். தீவின் நடுவே இருப்பது 1957-இல் அங்கே வந்த காதுகேளாதோர் பள்ளியின் இடம், அதற்குள் போகக்கூடாது. பாதையை விட்டு விலகாமல் வந்தால் ஓரிடத்தில் மரங்களுக்கிடையே இந்தக் குடியிருப்பு.

இனி என் தொழில் புத்தியைச் சொல்கிறேன். பொதுப்பணித்துறையில் முப்பத்தொரு வருஷம் இருந்தவன். எந்தக் கட்டடத்தைப் பார்த்தாலும் கண் முதலில் தண்ணீர் வடிகிற வாட்டத்தைத்தான் தேடும். அங்கே ஒரு வீட்டுக்கு முன்னால் மட்டும் கால்மணி நேரம் குந்தியிருந்தேன். பெரிய பைன் மரம் ஒன்றின் இரண்டு வேர்கள், கால் நீட்டி உட்கார்ந்தது போலப் பிரிந்திருந்தன. அவைதான் பக்கச் சுவர். அவற்றின் மேல் விரல் பருமன் குச்சிகளை நெருக்கி அடுக்கி, அதன் மேல் பட்டைத் துண்டுகள். கீழ்வரிசையை முதலில் போட்டு, அதன் மேல் ஒரு விரல் ஏறும்படி மேல்வரிசை. நம் நாட்டு ஓடு வேய்கிற முறையேதான்! மழைத்தண்ணீர் உள்ளே இறங்காது. யாரோ விவரம் தெரிந்த கை. உள்ளே நீலம் ஓடிய கருஞ்சிப்பி ஒன்று கைகழுவும் தொட்டியாக. ஓக் மரத்துக் கொட்டையின் தொப்பிகள் நான்கு, சமையல் பாத்திரங்களாக. வாசலிலிருந்து பாதை வரைக்கும் கூழாங்கல் பாவியிருந்தார்கள்.

“எல்லாம் சரி, அஸ்திவாரம் போடவில்லையே” என்றேன்.

“தாத்தா, அவங்களுக்கு வெயிட்டே கிடையாது. தள்ளி நில்லுங்க, நீங்க நிக்கிறது அவங்க தோட்டம்” என்றான் பேரன்.

முப்பத்தொரு வருஷத்தில் எந்த எக்சிகியூட்டிவ் இன்ஜினியரும் என்னை இப்படி மடக்கியதில்லை.

*

கேள்வி: தேவதை என்றால் நம் வன தேவதை மாதிரியா? அந்த வீடுகளின் முன்னால் நின்று கும்பிடலாமா? (வாசகர், திருநெல்வேலி)

கும்பிட்டால் யாரும் தடுக்கப்போவதில்லை. ஆனால் அந்த ஊர்க்காரர்கள் யாரும் கும்பிடுவதில்லை. அயர்லாந்து, ஸ்காட்லாந்துப் பக்கத்துப் பழங்கதைகளில் வரும் ஃபேரி, வரம் கொடுக்கிற ரகம் இல்லை. சீண்டினால் பால் கெடும், மாடு படுக்கும், பிள்ளையை மாற்றி வைத்துவிடும் என்று பெரியவர்கள் பயந்து ஒதுங்கிப்போன ஜாதி. சிறகு முளைத்து, பாவாடை கட்டி, குழந்தைகளுக்குத் தோழியானதெல்லாம் பிற்பாடு.

அந்தப் பழைய பயம் அயர்லாந்தில் இன்னும் முழுசாகப் போகவில்லை. அங்கே கிளேர் கவுன்டியில் லட்டூன் என்ற இடத்தில் தனியாக நின்ற ஒரு முள்மரத்தை வெட்டிச் சாலை போடவிருந்தார்கள். அது தேவதைகள் கூடும் மரம், வெட்டினால் விபத்து நடக்கும் என்று எடி லெனிஹன் என்கிற கதைசொல்லி 1999-இல் பத்திரிகைகளில் குரல் கொடுத்தார். மரம் தப்பித்தது, சாலை அதற்கு இடம்விட்டுப் போகிறது. எனக்கு இது ஆச்சரியமே இல்லை. வேப்பமரத்தடியில் மஞ்சள் துணி சுற்றிய கல் ஒன்று இருக்கிறது என்பதற்காக சாலையின் அலைன்மென்ட்டைத் திருத்தி, மறுபடி எஸ்டிமேட் எழுதி, மேலிடத்துக்கு விளக்கம் கொடுத்தவன் நான்.

*

கேள்வி: யாருடைய அனுமதியில் கட்டுகிறார்கள்? ஊரே கட்டினால் காடு குப்பைமேடாகிவிடாதா? (ஆசிரியை, நாமக்கல்)

நல்ல கேள்வி டீச்சர். அனுமதி வேண்டாம், ஆனால் விதி உண்டு. காட்டில் தானாக விழுந்து கிடப்பதை மட்டும்தான் எடுக்கலாம். குச்சி, சருகு, பைன் காய், கல், கரையில் ஒதுங்கிய கிளிஞ்சல், இறகு. உயிருள்ள எதிலும் கை வைக்கக்கூடாது. இலையைப் பறிக்கக்கூடாது, பாசியைப் பெயர்க்கக்கூடாது, நிற்கிற மரத்தில் பட்டை உரிக்கக்கூடாது. பாசிதான் பெரிய சபலம். பச்சை வெல்வெட் மாதிரி இருக்கும், கம்பளமாக விரிக்கக் கை பரபரக்கும். ஆனால் அது பாறையில் ஒட்டி, மெத்தென்று படர்வதற்குப் பல வருஷம் ஆகும். நாம் பிய்க்க ஒரு நிமிஷம் போதும்.

கிளிஞ்சலிலும் ஒரு சூட்சுமம் உண்டு, பட்டபிறகுதான் தெரிந்தது. பேரன் தன் வீட்டு வாசலுக்கு விளக்கு வேண்டும் என்று கரையிலிருந்து சுருள்சங்கு போன்ற ஒன்றைப் பொறுக்கி வந்து, இரண்டு கல்லுக்கு நடுவில் நிறுத்தினான். நான் ரசமட்டம் பார்க்கிற ஆளாயிற்றே, நேராக நிற்கிறதா என்று ஒரு கண்ணை மூடிப் பார்த்தேன். நேராகத்தான் இருந்தது. மறுபடி பார்த்தால் சாய்ந்திருந்தது. நிமிர்த்தி வைத்தேன். மறுபடியும் சாய்ந்தது. கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு குனிந்தால், அடியில் சாம்பல் நிறத்தில் ஒரு சின்னப் பாதம், இரண்டு மெல்லிய கொம்பு. விளக்கு நடக்கிறது! உள்ளே கடல் நத்தை உயிரோடு இருந்திருக்கிறது. அப்புறம் என்ன, இரண்டு பேரும் விளக்கைக் கையில் ஏந்திக்கொண்டு கரைக்குப் போய், எந்தப் பாறையில் எடுத்தோமோ அதே பாறையில் வைத்துவிட்டு வந்தோம். கிளிஞ்சலை எடுத்தவுடன் கவிழ்த்துப் பார்த்துவிடுங்கள்.

விதி இல்லாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு இங்கிலாந்தில் ஓர் உதாரணம் இருக்கிறது. சாமர்செட்டில் வேஃபோர்ட் என்ற ஊர்க் காட்டில் மரத்தடிகளில் குட்டிக் கதவுகள் வைக்க ஆரம்பித்தார்கள். முதலில் அழகாகத்தான் இருந்தது. அப்புறம் ஆளாளுக்குக் கடையில் வாங்கிய கதவு, பிளாஸ்டிக் பொம்மை, ஜிகினா என்று கொண்டுவந்து வைக்க, கதவுகள் இருநூறைத் தாண்டிவிட்டன. 2015-இல் காட்டை நிர்வகிக்கும் அறங்காவலர்கள் இனி கட்டுப்பாடு என்று அறிவிக்க, தேவதைக்கே வீடு கிடையாதா என்று செய்தித்தாள்கள் வரை விஷயம் போயிற்று. அறங்காவலர்கள் பக்கம்தான் நான். சருகு வீடு என்றால் காடே அதைத் தின்றுவிடும். பிளாஸ்டிக் கதவை எந்தக் கரையான் தின்னும்?

இன்னொன்று. இடித்துவிடுவார்களே என்று வேறு சிலர் கேட்டிருந்தீர்கள். இடிக்கத்தான் செய்வார்கள். ஓடிவருகிற குழந்தை, அணில், காற்று, எல்லாவற்றுக்கும் மேல் மெய்ன் மாநிலத்துப் பனி. நமக்குத் தெரியாததா இது? பெண்பிள்ளைகள் மணலில் சிற்றில் கட்டுவதும், பையன்கள் வந்து காலால் எற்றுவதும் பிள்ளைத்தமிழில் ஒரு பருவமாகவே இருக்கிறதே. என் தங்கை வைகை மணலில் கட்டிய வீட்டை நான் மிதித்ததற்கு அம்மாவிடம் வாங்கிய அடி இன்னும் தொடையில் இருக்கிறது.

*

கேள்வி: காடு என்கிறீர்கள், பாம்பு இருக்குமா? (வாசகி, சேலம்)

மெய்ன் மாநிலத்தில் விஷப்பாம்பு கிடையாது, நிம்மதியாக இருங்கள். பயப்பட வேண்டியது உண்ணிக்கு. மான் உண்ணி என்று ஒன்று, அதன் குஞ்சு கசகசா அளவுதான் இருக்கும். கடித்தால் வலிக்காது, ஆனால் லைம் நோயைப் பரப்பும். ஜூன், ஜூலையில் அதிகம். முழுக்கால்சட்டை போட்டு, அதன் நுனியைக் காலுறைக்குள் செருகிக்கொள்ளுங்கள். வெளிர் நிறத் துணி என்றால் ஊர்வது கண்ணில் படும். வீட்டுக்கு வந்ததும் முழங்கால் மடிப்பு, அக்குள், காதுக்குப் பின்னால், தலைமுடி எல்லாம் தேட வேண்டும். ஒட்டியிருந்தால் தேங்காய் எண்ணெய், தீக்குச்சி என்று நம் வைத்தியம் பார்க்காமல், சின்ன இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுங்கள். அப்புறம் சில நாளில் கடித்த இடம் வட்டமாகச் சிவந்து பரவினாலோ, காய்ச்சல் வந்தாலோ டாக்டரிடம் காட்டிவிடுங்கள். சேலை கட்டிக்கொண்டு போகலாமா என்று என் மனைவியும் கேட்டாள். பாதை நடக்கலாம், மரத்தடியில் உட்கார வேண்டாம் என்று மகள் சொல்லிவிட்டாள்.

இன்னொன்று, மூன்று மூன்று இலையாகத் தொங்குகிற பாய்சன் ஐவி. தொட்டால் அரிப்பு, கொப்புளம். கூட வரும் குழந்தைகளுக்கு முதலில் அந்த இலையைக் காட்டிக் கொடுத்துவிடுங்கள்.

*

கேள்வி: மெய்னிலேயே மொன்ஹீகன் என்ற தீவில் இதைவிட நன்றாக இருக்கும் என்று யூட்யூபில் பார்த்தேன். உண்மையா? (வாசகர், கோவை)

உண்மையாக இருக்கலாம். அங்கே கதீட்ரல் வுட்ஸ் என்ற ஸ்ப்ரூஸ் மரக் காட்டில் இந்த வீடு கட்டுகிற பழக்கம் நெடுநாளாக உண்டு. தீவு ஒரு சதுர மைல் அளவுதான். தார்ச்சாலை கிடையாது, காரில் போக முடியாது, கரையிலிருந்து சுமார் பத்து மைல் படகில் போக வேண்டும். எனக்குப் பாம்பன் கடலே ஒத்துக்கொள்ளாது, அதனால் போகவில்லை. ஒரு தகவல் மட்டும் சொல்கிறேன். தீவின் காட்டை விற்றுக் கட்டடமாக்கிவிடாமல் காக்க 1954-இல் மொன்ஹீகன் அசோசியேட்ஸ் என்ற அமைப்பை ஏற்படுத்தியவர் தியோடர் எடிசன். பல்புக்குப் பேர்போன எடிசனின் மகன்.

*

கேள்வி: குழந்தைகளைத் தவிர மற்றவர்களுக்கு மேக்வொர்த் தீவில் பார்க்க ஒன்றும் இல்லையா? (வாசகர், காரைக்குடி)

கடல் இருக்கிறது. அப்புறம் நாய்க் கல்லறை. மெய்ன் கவர்னராக இருந்த பெர்சிவல் பாக்ஸ்டரின் தீவு இது, அரசுக்குக் கொடுத்துவிட்டார். கட்டை பிரம்மச்சாரி, ஐரிஷ் செட்டர் நாய்கள் என்றால் உயிர். அந்த நாய்களையும் ஒரு குதிரையையும் தீவிலேயே அடக்கம் செய்திருக்கிறார். 1923-இல் கேரி என்ற நாய் செத்தபோது, அரசுக் கட்டடத்துக் கொடியை அரைக்கம்பத்தில் இறக்கச் சொன்னவர். அன்றைக்கு என்ன கண்டனம் எழுந்திருக்கும் என்று யோசித்துக்கொண்டே நின்றேன். பேரன் அங்கேயும் ஒரு குச்சி வீடு கட்டலாமா என்று கேட்டான். வேண்டாம் என்றேன்.

*

கேள்வி: பேரன் கட்டிய வீடு இன்னும் இருக்கிறதா? (பலர்)

போன வாரம் மகள் போய்ப் படம் அனுப்பியிருந்தாள். பனிக்காலம் முடிந்து அவர்கள் போனது இதுதான் முதல் தடவை. கூரை போய்விட்டது. நான் வாட்டம் பார்த்துப் போட்ட கல்தளம் மட்டும் அப்படியே இருக்கிறது. அதன் மேல் யாரோ புதுச் சுவர் எழுப்பி, பைன் காயால் தூண் நிறுத்தி, ஒரு மாடியும் கட்டியிருக்கிறார்கள். படிக்கட்டு வைக்க மறந்துவிட்டார்கள். அதைச் சொன்னால், அவங்களுக்குத்தான் சிறகு இருக்கே தாத்தா என்கிறான்.